முப்பது நாள் நோட்டீஸ்

தம்பி, கழுத்துல அட்டை தொங்குதுங்களே, கம்பெனிங்களா? எந்தப் பிரிவுங்க? எச்.ஆர் இல்லீங்களே? அக்கவுண்ட்ஸா, சரி சரி, நகந்து உக்காருங்க, எடம் இருக்குது. எச்.ஆர்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் எந்திரிச்சு அந்தக் கடைசி சீட்டுக்குப் போயிருப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரெண்டு எழுத்தைக் கேட்டாலே எனக்கு இப்பெல்லாம் பத்திக்கிட்டு வருது.

எம்பேரு சென்னியப்பனுங்க. காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி செல்வநாயகி டிபன் சென்டர்னு இருக்குதுல்ல, அது நம்மளுது. சாப்பிட்டிருக்கீங்களா? இல்லையா? பரவால்ல. இன்னைக்கு வந்திருந்தாலும் பூட்டித்தான் இருந்திருக்கும். செவ்வாக்கிழமையில கடையைப் பூட்டிட்டு நான் பஸ்ல உக்காந்துட்டு இருக்கேன் பாருங்க, எங்க கொண்டுபோய் விட்டிருக்குது இந்தப் படிப்பு. ஈரோடு போயி, அங்கிருந்து கோபி போகணும். ஈரோடு வர்ற வரைக்கும் கேளுங்க. யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு என்னமோ ஆயிரும்.

ஒரே பொண்ணுங்க எனக்கு, மோனிஷா. பிளஸ் டூ முடிச்சுட்டு பி.காம் போறேன்னா. நான்தான் வேண்டாம்னேன். கடைக்குத் தெனமும் வர்ற ஒரு மில்லு மேனேஜர் சொன்னாரு, பி.பி.ஏல மனிதவளம்னு ஒண்ணு இருக்குது, ஆளுங்களைக் கட்டி மேய்க்கறதுக்குன்னே ஒரு படிப்புன்னு. எனக்கு அது அப்படியே பிடிச்சுப் போச்சுங்க. ஏன்னா நமக்குத் தொல்லையே ஆளுங்கதான். எட்டுப் பேரு வேலை பார்க்கறாங்க, அதுல வருசத்துக்கு அஞ்சு பேரு மாறிட்டே இருப்பாங்க. பரோட்டா மாஸ்டர் மட்டும் மூணு வருசத்துல ஒன்பது பேரு. காலையில வருவான், மத்தியானம் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிருவான். நான் அவனுங்களை என் சொந்தப் புள்ளைங்க மாதிரித்தானுங்க வெச்சிருக்கேன். சொந்தப் புள்ளைன்னா நாலு வார்த்தை திட்டத்தானே செய்வோம்? மாவு கொட்டினா மாடேன்னு சொல்லுவேன், டம்ளர் ஒடைஞ்சா அவங்கப்பனைக் கேப்பேன். அது வாயோட போயிரும், மனசுல ஒண்ணும் கெடையாது. அதெல்லாம் இந்தக் காலத்து ஆளுங்களுக்கு எங்க புரியுது?

பொண்ணு படிச்சு வந்தா இவனுங்களை எப்படி நிறுத்தி வெக்கறதுன்னு தெரிஞ்சுக்குவான்னு நானே ஃபாரம் வாங்கி, நானே கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட்டேன். நானேதானுங்க. வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனாலும் சொல்றேன், அந்தக் காலேஜ் மேல ஒரு கேசு போடலாமான்னு வக்கீலைக்கூடக் கேட்டேன். அவரு ரெண்டு வடையைத் தின்னுட்டுச் சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

மூணு வருசம் ஈரோட்டுக்கு பஸ்ல போயிட்டு வந்துட்டுத்தான் படிச்சா. சாயங்காலம் வந்து, கடைக்குப் பின்னாடி சமையல்கட்டுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து, அன்னன்னைக்கு நடந்த பாடத்தைச் சத்தமாப் படிப்பா. எதுத்தாப்புல எங்க வீட்டுல, கலாமணின்னு பேரு, வெங்காயம் அரிஞ்சுட்டு இருப்பா. எட்டாவது வரைக்கும் படிச்சவ. இவ இங்கிலீஷுல படிப்பா, அவ அப்படின்னா என்னன்னு கேப்பா, இவ தமிழ்ல சொல்லுவா. ஊக்கப்படுத்தறதுன்னா என்ன, குறைதீர்க்கறதுன்னா என்ன, ஒரு ஆளு ஏன் வேலையை விட்டுப் போறான், இப்படி. நான் கல்லாவுல உக்காந்து கேட்டுட்டு, அம்மாவும் மகளும் நல்லாத்தான் பொழுதைப் போக்குறாங்கன்னு விட்டுட்டேன். ஃபீசு கட்டினது ஒருத்திக்கு, படிச்சது ரெண்டு பேருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

கடைசி செமஸ்டர்ல புராஜெக்ட்டுன்னு ஒண்ணு வந்துச்சு. ஏதாவது ஒரு எடத்துல போயி ஆராய்ச்சி பண்ணி, புஸ்தகம் மாதிரி தெச்சு, காலேஜ்ல குடுக்கணும். மத்த புள்ளைங்க எல்லாம் பெரிய பெரிய கம்பெனிக்குப் போச்சுங்க. எம்பட பொண்ணு நம்ம கடையிலயே பண்றேன்னா. எனக்குப் பெருமைங்க, பொய் சொல்லக் கூடாது. ஊழியர் மனநிறைவுன்னு தலைப்பு. முப்பத்திநாலு கேள்வி, தமிழ்ல அடிச்சு, ஒன்பது செட்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தா. எட்டுப் பேருக்கு எதுக்கு ஒன்பதுன்னு கேட்டேன். அம்மாவை விட்டுட்டீங்களேப்பான்னா. நான் சிரிச்சுட்டேன். அம்மா ஊழியராடின்னேன். அவ சிரிக்கல.

அப்பவாவது நான் சுதாரிச்சிருக்கணும்.

முதல் தடவை ஃபாரம் குடுத்தப்ப நான் பக்கத்துலயே நின்னேன். நல்லதா எழுதுங்கடா, பொண்ணு மார்க்குன்னு சொன்னேன். நல்லதாத்தான் எழுதினாங்க, எல்லாத்துலயும் மிகவும் திருப்தி, மிகவும் திருப்தின்னு வரிசையா டிக்கு. அதை வாங்கிப் பார்த்துட்டு அவ, இது செல்லாதுப்பான்னு ஓரமா வெச்சுட்டா. அப்புறம் நான் தாராபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு, மறுபடியும் ஒன்பது ஜெராக்ஸ் எடுத்து, பேரு எழுத வேண்டாம்னு சொல்லி, எல்லாருகிட்டயும் வாங்கிட்டா. ஃபீசு கட்டின அப்பனுக்குத் தெரியாம, அப்பன் கடையில, அப்பன் காசுல ஜெராக்ஸ் எடுத்து! இதைத்தான் அந்தக் காலேஜ்ல சொல்லித் தராங்களாங்க?

வைவா எல்லாம் முடிஞ்சு, முதல் வகுப்புல பாஸாயி, புஸ்தகம் கையில வந்த அப்புறந்தான் எனக்குக் காட்டுனா. நடுவுல ஒரு பக்கத்துல வட்டம் போட்டு, அதை வெட்டி, கலரு அடிச்சிருக்குது. என்னம்மா இது, பூசணிக்காயான்னேன். ஊழியர்கள் பணியை விட்டு நீங்க விரும்புவதற்கான காரணம்னு கீழ எழுதியிருக்குது. அந்த வட்டத்துல எண்பத்தொன்பது சதவீதம் ஒரே செவப்பு. அது என்னன்னு பார்த்தா, உரிமையாளரின் வாய். என் வாயிங்க! என் வாயை வட்டமா வரைஞ்சு, செவப்பு அடிச்சு, பைண்டு பண்ணி, தங்கக் கலர்ல பேரு போட்டு, யாரோ ஒரு புரொபசர் கையெழுத்து வாங்கிட்டு வந்திருக்கா.

ஒன்பது பேருல ஒரு ஆளு மட்டுந்தான் எனக்கு நல்லது எழுதியிருந்துச்சு. அது கலாமணியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன். பார்த்தா அது ஒடிசாக்காரன், அப்ப வந்து பத்து நாள்தான் ஆகியிருந்துச்சு, ரெண்டு புள்ளைக்கு அப்பன். மோனிஷா அரைகுறை ஹிந்தியில படிச்சுக் காட்டி அவன்கிட்ட கேட்டிருக்கா. முதலாளி எப்பவும் சந்தோசமாச் சத்தம் போட்டுப் பேசறாருன்னு சொல்லியிருக்கான். அவனுக்குத் தமிழ் தெரியாதுங்க.

நான் மோனிஷாவைப் பிடிச்சு ஏசுனேன். அவ நின்னு கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா.

"அப்பா, நான் எதுவும் எழுதல. அவங்க எழுதினதை எண்ணினேன், அவ்வளவுதான்."

மறுநாளே கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில பயிற்சிக்குன்னு கெளம்பிப் போயிட்டா. முன்னாடியே கெடைச்ச வேலைதான், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அந்த ஒன்பது ஃபாரத்தையும் ஒரு கவர்ல போட்டு அலமாரியில வெச்சுட்டுப் போயிட்டா. நான் எடுத்தேன். என் கடை ஃபாரம், நான் எடுக்காம வேற யாரு எடுப்பா?

ஒவ்வொண்ணாப் படிச்சேன். பேரு இல்லைன்னாலும் எனக்குத் தெரியாதா? பரோட்டா மாஸ்டர் ராயப்பன் கையெழுத்துக் கோணக்கோணையா இருக்கும். பாத்திரம் கழுவற சரசா என் வாய்க்கு மட்டும் டிக் போட்டுட்டு, மத்த எல்லாத்துக்கும் கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கா. ஒண்ணு மட்டும் அழகா, குண்டு குண்டா எழுதியிருந்துச்சு. இருபத்தியேழாவது கேள்வி: பணியிடத்தில் மனக்குறை இருந்தால் யாரிடம் தெரிவிப்பீர்கள்? அதுக்குப் பதில், மாவாட்டும் மிஷின் ஓடும்போது சொல்லிக்கொள்வேன், சத்தத்தில் யாருக்கும் கேட்காது. மாவாட்டறது யாருங்க? ஒருத்திதானே.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். பசிச்சுதுன்னா சொல்லலாம், வலிச்சுதுன்னா சொல்லலாம். புருசன் ரெண்டடி தள்ளிக் கல்லாவுல உக்காந்திருக்கான், அவன்கிட்ட சொல்லாம ஒரு மிஷின்கிட்டச் சொல்றாளாம். அதையும் காலேஜுக்கு எழுதிக் குடுத்திருக்கா. காலையில டிபன் நேரம், கடை நிறைய ஆளு. நான் அந்தத் தாளை எடுத்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் படிச்சேன். யோவ் கேளுங்கய்யா, எங்க வீட்டு அம்மணிக்கு கிரைண்டர்தான் சிநேகிதின்னேன். சட்னி வாங்க வந்தவங்ககிட்ட, உள்ள போய் கிரைண்டரைக் கேட்டு வாங்கிக்கன்னேன். நாலு பேரு சிரிச்சாங்க. சும்மா ஒரு விளையாட்டுக்குங்க. அவ உள்ள இருந்து வந்து, கரண்டியோட நின்னு, ஒரு பார்வை பார்த்துட்டு உள்ள போயிட்டா. ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா நானும் பதில் பேசியிருப்பேன், சரியாப் போயிருக்கும். அவதான் பேசல. குறிச்சுக்குங்க.

மறுநாள் காலையில, முதல் இட்லி எறக்கறதுக்கு முன்னாடி, கல்லாவுல ஒரு தாளு வெச்சா. கோடு போட்ட தாளு. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்குது.

"ஐயா, தங்கள் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாவு, சட்னி, சாம்பார் ஆகிய பணிகளைச் செய்து வருகிறேன். சொந்தக் காரணங்களால் இன்றிலிருந்து முப்பது நாளில் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். இப்படிக்கு, செ. கலாமணி."

ஐயாவாம். யாருக்கு யாருங்க ஐயா? கீழ பேருக்கு முன்னாடி செ போட்டிருக்கா, அது என் பேரோட எழுத்து. என் எழுத்தைப் போட்டே எனக்கு ராஜினாமா. அப்புறம் அதென்ன சொந்தக் காரணம்? அவளுக்குச் சொந்தம்னு இருக்கறதே நான் ஒருத்தன்தானே?

நான் அந்தத் தாளை எடுத்து, பில்லு குத்தற கம்பியில குத்தி வெச்சேன். முந்தின நாள் வந்த பால் பில்லு மேல, மறுநாள் காய்கறி பில்லுக்குக் கீழ. அப்படியே உள்ள போயிருச்சு. மோனிஷா போன் பண்ணுனா. அப்பா, முப்பது நாள் எதுக்குன்னு தெரியுமா, அது போறவங்களுக்கு இல்ல, இருக்கறவங்க யோசிச்சுப் பேசறதுக்குன்னா. போடி உங்க படிப்புமாச்சு நீங்களுமாச்சு, அவ எங்க போவா, நம்பியூர்ல அண்ணன் ஒருத்தன் இருக்கான், அவன் பொண்டாட்டி மூணு நாளைக்கு மேல சோறு போட மாட்டான்னு சொல்லி வெச்சுட்டேன்.

அந்த முப்பது நாளும் அவ வேலையில ஒரு கொறை வெக்கலீங்க. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சரசாவைப் பக்கத்துல நிறுத்தி, அரிசி இத்தனை, உளுந்து இத்தனை, வெயில் காலத்துல இத்தனை நேரம் ஊறணும், மழைன்னா இத்தனைன்னு சொல்லிக் குடுத்தா. செவுத்துல கரித்துண்டுல அளவு எல்லாம் எழுதி வெச்சா. பார்த்துட்டு நான் என்ன நெனைச்சேன் தெரியுங்களா? பரவால்ல, புள்ள படிச்சதுல இவளுக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்குது, ஆளுங்களைப் பழக்கறான்னு நெனைச்சேன். அதைக் கடையில நாலு பேருகிட்டப் பெருமையாச் சொல்லவும் செஞ்சேன்.

முப்பதாவது நாள் மத்தியானம், கிரைண்டரைக் கழுவித் தொடைச்சு, மேல துணியைப் போத்திட்டு, சாவிக்கொத்தைக் கல்லாவுல வெச்சுட்டு, ஒரு பையை எடுத்துட்டுப் போயி மூணு மணி பஸ்ல ஏறிட்டா. நான் பார்சல் கட்டிட்டு இருந்தேன். போறேன்னு சொன்னாளா, அதுகூட எனக்குத் தெரியல. சொல்லியிருப்பா. கூட்டம் அன்னைக்கு.

மூணு நாள்ல வந்துருவான்னேன். வரல. நாலாவது நாள் ஒரு போன் வந்துச்சு.

இதைக் கேளுங்க தம்பி, இதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். ஒரு பொண்ணு குரலு. கோபியில ஒரு லேடீஸ் ஹாஸ்டல், முந்நூறு பேரு தங்கறாங்களாம், அங்கிருந்து பேசறாளாம். சார், கலாமணிங்கறவங்க எங்க மெஸ்ஸுக்கு வேலைக்கு விண்ணப்பிச்சிருக்காங்க, முன்னாடி வேலை பார்த்த எடம்னு உங்க நம்பர் குடுத்திருக்காங்க, அவங்க உங்ககிட்ட வேலை பார்த்தாங்களா சார்னு கேட்டா. நான் ஆமான்னுட்டேன். டக்குனு வாயில வந்துருச்சு. என் பொண்டாட்டிம்மான்னு சொல்லியிருக்கணும். ஆமான்னு சொன்ன அப்புறம் அதை எப்படிங்க சொல்றது? நீ யாரும்மான்னு கேட்டேன். நான் எச்.ஆர் சார், பி.பி.ஏ முடிச்சிருக்கேன்னா. எங்க திரும்புனாலும் இவளுங்கதானுங்க!

எனக்கு அப்பவே தோணிருச்சு, ஒரு வார்த்தை போதும்னு. சரியில்லைம்மா, வேலைக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை. சாயங்கால பஸ்ல வந்து எறங்கிருவா. அந்த வார்த்தையெல்லாம் எனக்குப் புதுசா? ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்றவன்.

அந்தப் பொண்ணு முதல் கேள்வி கேட்டா. மாவுப் பதம் எப்படி சார், புளிச்சுப் போகுமா?

இப்ப நான் என்ன சொல்றது? புளிக்கும்னு சொன்னா, இருபத்திரண்டு வருசமா செல்வநாயகியில புளிச்ச இட்லி போட்டேன்னு அர்த்தம். சுத்தம் எப்படின்னா. சுத்தமில்லைன்னு சொன்னா என் கடை சுத்தமில்ல. அளவு தெரியுமான்னா. என் கடை சட்னி ஒரு நாளு மாதிரி ஒரு நாளு இருக்கும்னு நாலு ஊருக்குத் தெரியும், நான் எப்படி இல்லைன்னு சொல்லுவேன்? என் கடையை நானே கெடுத்துக்க முடியுங்களா? அதனால சொன்னேன். ஒரு நாள் புளிச்சதில்லைம்மான்னேன். வேகாத இட்லி ஒண்ணு வெளிய வந்ததில்லைன்னேன். காய்ச்சலோட நின்னிருக்கா, பொண்ணு பொறந்த இருபதாம் நாள் வந்து மாவு ஆட்டியிருக்கான்னேன். இருநூறு இட்லிக்கு வேணும்னா இருநூறுக்குத்தான் ஆட்டுவா, இருநூத்தி ஒண்ணு இருக்காதுன்னேன். அடுப்புல ஒரு ஈடு இட்லி வெச்சா, ஆவி பார்த்தே சொல்லுவா வெந்துச்சா இல்லையான்னு. அப்புறம் அவ கேக்காததையும் சொல்லிட்டு இருந்தேன் போல. சார், போதும் சார், ஃபாரத்துல எடம் இல்லைன்னா அந்தப் பொண்ணு.

ஏன் வேலையை விட்டாங்கன்னா. முறையா முப்பது நாள் நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் போனா, ஆளைப் பழக்கிவிட்டுட்டுத்தான் போனான்னு சொன்னேன். சூப்பர் சார், இப்பெல்லாம் யாரு சார் இப்படி இருக்காங்கன்னா. அதுக்கப்புறம் கடைசியா ஒண்ணு கேட்டா.

"மறுபடியும் உங்ககிட்ட வந்தாங்கன்னா சேர்த்துக்குவீங்களா சார்? ஆமா, இல்லைன்னு சொன்னாப் போதும், டிக் பண்ணணும்."

நான் போனை வெச்சுட்டேன். அது அந்தப் பொண்ணு கேக்கற கேள்வியா? திரும்பிப் பார்த்தா ராயப்பன் மாவைக் கையில உருட்டினபடி என்னையே பார்த்துட்டு நிக்கறான். சரசா கண்ணைத் தொடைக்கறா. அண்ணே, இதுல ஒரு வார்த்தை அக்காகிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறான் அவன். என் கடையில நின்னு, என்னை! மூதேவி, பரோட்டாவைத் திருப்புடான்னேன். திருப்புனான்.

அன்னைக்கே வேலை போட்டுக் குடுத்துட்டாங்களாம். மோனிஷா சொன்னா. உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்பா உடனே எடுத்தாங்க, அம்மாவுக்கு அதைப் படிச்சும் காட்டியிருக்காங்கன்னா. அம்மா என்ன சொன்னான்னு கேட்டேன். யாரோ வேற சென்னியப்பன்கிட்டப் பேசியிருப்பாங்கன்னு சொன்னாளாம்.

இன்னும் எனக்கு ஆறலீங்க. நான் சொன்ன வார்த்தையில கெடைச்ச வேலை, எனக்கு ஒரு போன் பண்ணி நல்லாயிருக்கேன்னு சொல்லக் கூடாதா? எட்டு நாளாச்சு. கடையில சரசா செவுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆட்டறா, அளவு எல்லாம் சரி, ஆனா ஆளுங்க ரெண்டு இட்லியோட எந்திரிச்சுப் போறாங்க. அதுக்காக நான் போகலீங்க. அப்படி நெனைச்சுக்காதீங்க. நேர்ல நின்னு கேக்கணும். இருபத்திரண்டு வருசம் கூட இருந்தவன்கிட்டச் சொல்ல முடியாம மிஷின்கிட்ட என்ன சொன்னே, அதை என்கிட்டச் சொல்லுன்னு கேக்கணும். கேட்டுட்டு, நான் பதில் பேசக் கூடாதுன்னு மோனிஷா சொல்லியிருக்கா. பேசாம இருந்துருவேன்னுதான் நெனைக்கறேன். பாக்கலாம்.

ஈரோடு வந்துருச்சுங்களா? காளை மாட்டுச் சிலையைத் தாண்டிட்டோமே. இருங்க, எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. காலையில கெளம்பறப்ப அந்த ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். வாட்ச்மேன்தான் எடுத்தாரு. செவ்வாக்கிழமை அந்தம்மாவுக்கு லீவுங்க, குளிச்சுட்டு ஒன்பது மணிக்கே வெளிய போயிட்டாங்க, ஆறு மணிக்குத்தான் வருவாங்கன்னாரு. எங்க போனாங்கன்னு அவருக்குத் தெரியல. நானும் பஸ் ஏறுனதுல இருந்து யோசிச்சுட்டுத்தான் வர்றேன். கோயிலுக்குப் போயிருப்பாளா, கடைவீதிக்குப் போயிருப்பாளா, எங்கயாவது மரத்தடியில சும்மா உக்காந்திருப்பாளா? லீவுன்னா அவ என்ன பண்ணுவா, எங்க போவான்னு எனக்குத் தெரியலீங்க. நான் பார்த்ததே இல்லீங்க.